பூதத்துக்கு எட்டு வரி வளர்ப்பு

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும்.

ஞாயிறு மதியங்களில் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் மலை, காடு, கோட்டை எல்லாம். ஆளுக்கொரு வேஷம் எடுத்து, தாளில் குணம் எழுதி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். அதை நடத்துபவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. மனைவிக்கு வைத்தியக்காரி வேஷம். மெக்கானிக் ஆசைப்பட்டு எடுத்தது பூதம். பூதத்துக்குப் பிறவியிலேயே பலம் எட்டு, மூர்க்கம் எட்டு. ரத்தத்தைக் கண்டால் பத்து முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண் மூர்க்கத்தைத் தாண்டாவிட்டால், பக்கத்தில் நிற்பவரை அடித்தே தீரும். பக்கத்தில் எப்போதும் நிற்பவள் வைத்தியக்காரி.

வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மூர்க்கம் ஒன்று குறையும் என்றான் மச்சான். மெக்கானிக் பென்சிலை எடுத்துப் பூதத்தின் தாளில் எட்டு வரி எழுதினான். இந்தப் பூதம் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழையும். தின்ற தட்டைக் கழுவி வைக்கும். கோபம் வந்தால் பத்து வரை எண்ணும். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை; தன் அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாதென்று அவன் தனக்குத்தானே பழக்கிக்கொண்டவைதான் எல்லாம். அப்பாவின் கையை அம்மாவின் கன்னத்துக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு தாளில் ஏழு வரிதான் இருந்தது; கதவு வரியைக் காணோம். அழித்த தடம்கூட இல்லை. அந்த வாரம் குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்தான். "கதவுன்னு ஒன்னு எதுக்குங்க வச்சிருக்கு?" என்றாள் மனைவி. பிறகு தட்டு வரி போயிற்று. "தட்டுக்குக் கால் மொளச்சு தானா போய்க் குளிக்குமா?" என்று கேட்டாள். ஐந்தாம் வாரம், வாட்ச்மேனோடு தகராறு வந்தபோது எண்ணத் தொடங்கினான். மூன்றுக்கு மேல் எதுவும் வரவில்லை. பதினாலு மாடியையும் எண்ணி எண்ணி லிஃப்டைச் சரிபார்க்கிறவன்.

கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது: கை ஓங்காது.

"மச்சான், பூதம் வேணாம். வேற ஏதாவது குடு."

"பொறப்ப மாத்த முடியாது மாமா. வளர்ப்புதான் வரும், போகும்."

"எவன் அழிக்கிறான்?"

"தாள் உங்க சட்டைப் பையிலதான இருக்கு?"

சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி விரலை உயர்த்திப் பிடித்தபடி வந்து அவனருகே நின்றாள். சிவப்பாக ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

"பஞ்சு எங்கங்க வச்சீங்க?"

மச்சான் பகடையை நகர்த்தினான். "உருட்டுங்க மாமா."

தாளில் அந்த வரி இடது ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. மேசையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிவிட்ட வலது கையை, இடது கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் மெக்கானிக்.

அவன் மனைவி, பிறந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்த தம்பி என்று யாரும் கிடையாது.