வளையல் போட்ட வல்லரசு

விண்ணிலே அமெரிக்கா, ருஷ்யா என்னும் இரண்டு வல்லரசுகள் விண்கலங்களை இணைத்துக் கைகுலுக்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. மண்ணிலே, மதுரைச் சிம்மக்கல்லில், சுலைமான் பாயின் அச்சகத்துக்குள் இரண்டு மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றார்கள். ஒருவர் அங்கே வேலை பார்க்கும் அழகம்மாளின் கணவர் உக்கிரபாண்டி, ருஷ்யாவின் பக்கம். மற்றவர் அவளுடைய அண்ணன் கருத்தக்கண்ணன், அமெரிக்காவின் பக்கம். ஒரே மேடையில் முழங்கி வளர்ந்தவர்கள்தாம். எழுபத்தொன்றில் வங்கப் போரின்போது அமெரிக்கக் கப்பற்படை வங்கக் கடலுக்குள் வந்தது. அன்று மூண்ட வாக்குவாதத்தில் தங்கை வீட்டுப் படியிறங்கியவர் கருத்தக்கண்ணன், திரும்ப ஏறவில்லை. அதற்குப் பின் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டது. மாமன் முகம் அதற்குத் தெரியாது.

அழகம்மாள் அந்த அச்சகத்தில் ஈய எழுத்துக் கோப்பவள். படிப்பகத்தார் தங்கள் விண்வெளிக் கூட்டத்துக்கு இருவரையுமே பேச அழைத்திருந்தார்கள். துண்டறிக்கை அவள் கைக்கு வந்தது. இரு பெயர்களையும் ஒரே தாளில் அருகருகே கோத்தபோது, மூன்றரை ஆண்டுகளாகத் தன் வீட்டில் நடவாதது ஈயத்திலாவது நடக்கிறதே என்று நெஞ்சு குளிர்ந்தாள். நடுவில் கைகுலுக்கும் படம் வேண்டுமென்றார்கள். கடையில் அதற்கு இருந்த படக்கட்டை ஒரே ஒரு பிளாக். அதையே வைத்தாள்.

பிழை பார்க்க இருவரும் ஒரே நேரத்தில் வந்தது தற்செயலன்று. சொல்லியனுப்பியவள் அவள்தான்.

"பாய்," என்றார் கருத்தக்கண்ணன், தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து. "இந்தப் படத்துல வலது பக்கத்துக் கையில வளையல் கெடக்கே?"

"கல்யாணப் பத்திரிகைப் பிளாக்குண்ணே. வேற இல்ல."

"வலது பக்கந்தான் என் பேரு. அமெரிக்காவுக்கு வளையல் மாட்டிவிட்டது யாரு யோசனைன்னு அவருகிட்டக் கேளுங்க."

உக்கிரபாண்டி அச்சு இயந்திரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "பாய், ஊர் வம்புக்குப் போற நாட்டுக்கு வளையலே பெருசுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

"அப்பப் பேர மாத்திப் போடச் சொல்லுங்க. ருஷ்யா போட்டுக்கிரட்டும்."

"உழைக்கிற நாட்டுக்கு எதுக்கு வளையலு?"

"ஏன்யா, நான் என்ன ஐ.நா. சபையா?" என்றார் சுலைமான் பாய். "மூணடி தூரத்துல நிக்கிறீங்க. நேராப் பேசுனா நாக்கா தேஞ்சு போயிரும்?"

அழகம்மாள் தன் இரு கைகளையும் மேசைமேல் வைத்தாள். நகக்கண் வரையில் மை. மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள்.

"உழைக்கிற கையில வளையல் இருக்காதோ?" என்று கணவரைக் கேட்டாள். "பெண் விடுதலைன்னு நீங்க ரெண்டு பேரும் பேசுன பேச்சையெல்லாம் கோத்தது இந்தக் கைதான்."

அவள் உழைப்பையே மேடையாக்கிப் பெண் விடுதலை பேசிவிட்டு, வளையலை இழிவென்ற ஆண்கள் இருவரும் தலை கவிழ்ந்தனர்.

"அண்ணே," என்றாள், குரல் தழைந்து. "அது அமெரிக்காவும் இல்ல, ருஷ்யாவும் இல்ல. எங்க கல்யாணத்துக்குப் பிள்ளையார் படம் வேணாம், ரெண்டு கை போதும்னு நீங்கதான இந்தப் பிளாக்கச் செய்யச் சொன்னீக? வளையல் போட்டது என் கை. மத்தது அவுக கை. சேத்து வச்சது நீங்க."

கருத்தக்கண்ணன் தாளை மீண்டும் பார்த்தார். எட்டு ஆண்டுகளில் எத்தனையோ வீட்டுத் திருமணங்களுக்கு அச்சேறி, வளையலின் கோடுகள் தேய்ந்திருந்தன. பிடி மட்டும் தேயவில்லை. அந்தப் பிடியிலிருந்து அவர் கண் இடப்பக்கத்துப் பெயருக்கு நகர்ந்தது.

"மாப்ள," என்றார்.

உக்கிரபாண்டி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"உங்க பேருல ஒரு கால் இல்ல."

'பா'வின் கால் நிற்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் ஒன்று விழுந்திருந்தது.

"பெரிய எழுத்துல கால் தீந்துபோச்சுண்ணே," என்றாள் அழகம்மாள். "எடம் பிடிக்க வேற எழுத்தத் தலைகீழாச் செருகி வச்சேன்."

கருத்தக்கண்ணன் பென்சிலை எடுத்தார். அதே பெரிய எழுத்தில் அவருடைய உரைக்குத் தலைப்பு, 'அமெரிக்காவின் அறிவியல் வெற்றி'. அதில் ஒரு கோடு கிழித்தார். "'அமெரிக்க அறிவியல்'னாலே போதும். அந்தக் கால எடுத்து மாப்ள பேருல வையி."

"அமெரிக்காகிட்டக் கால் வாங்கி நான் நடக்கணுமாக்கும், மச்சான்?"

"நீங்க நடக்க வேணாம். வீட்லயே இருங்க. சாயங்காலம் நான் வாரேன்." பென்சிலை மேசைமேல் வைத்தார். "பாப்பா என்ன திங்கும்?"

"காராச்சேவு," என்றார் உக்கிரபாண்டி. "இம்புட்டு வயசுல அம்புட்டுக் காரம். மாமனக் கொண்டு பெறந்திருக்கு."

அழகம்மாள் அமெரிக்காவிலிருந்து அந்தக் காலைப் பெயர்த்து, கணவரின் பெயருக்குள் நிமிர்த்தி வைத்தாள். கண்ணை மறைத்த நீரில் எழுத்துத் தெரியவில்லை. விரல் தடவியே வைத்தாள்.