மேலிடத்தின் பின்னூட்டம்

‘மைக்கறை’ என்ற அந்த இணையக் குழுவில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் புனைபெயர்தான். கதை போடுவார்கள், கவிதை போடுவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். சில சமயம் கிழித்துத் தொங்கவிடுவார்கள். மாதம் ஒருமுறை ‘நம்மில் ஒருவர்’ என்று ஒரு பகுதி வரும். ஓர் உறுப்பினரை இன்னொருவர் நேரில் பார்த்துப் பேசி அறிமுகம் எழுத வேண்டும். அந்த மாதம் ‘பொடிமட்டை’ என்பவரைப் பற்றி எழுதும் வேலை ‘சுருக்கெழுத்து’ என்பவளுக்கு வந்தது.

அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். புனைபெயருக்காக அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வயது நாற்பத்தொன்று, அண்ணன் வீட்டில் ஓர் அறை. பகலெல்லாம் சாட்சிகள் சொல்வதைக் குறிப்பெடுத்துத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைப்பாள். கதை எழுதுகிறாள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியும். “போனுக்குள்ள தலையை விட்டா எடுக்கவே மாட்டியா? அப்படி என்னதான் இருக்கு அதுல?” என்பாள்.

அதில் பொடிமட்டை இருந்தார். குழுவிலேயே அதிகம் பேர் படிக்கும் ஆள். தன் மனைவிக்கு ‘மேலிடம்’ என்று பெயர் வைத்து வாரம் ஒரு நகைச்சுவைக் குறிப்பு எழுதுவார். “மேலிடம் இன்று கடிகாரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். நேரம் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.” இப்படி. சுருக்கெழுத்து தன் முதல் கதையைப் போட்டபோது இரண்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பொடிமட்டைதான், “இவர் கையில் சரக்கு இருக்கிறது” என்று எழுதினார். அதன் பிறகுதான் மற்றவர்களும் படித்தார்கள். அந்த ஒரு வரியை அவள் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

இப்போது குழு ஒரு தொகுப்புப் புத்தகம் போடப்போகிறது. கதைகளைத் தேர்ந்தெடுப்பவர்களில் பொடிமட்டையும் ஒருவர்.

அவர் அதே ஊரில்தான் இருந்தார். சனிக்கிழமை மதியம் வரச் சொன்னார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, சலவைச் சட்டை. எழுத்தில் இருந்த குறும்பு முகத்தில் இல்லை.

உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டவை சீட்டுகள். சமையலறைக் கதவில் ‘அடுப்பை அணைத்தாயா?’ குழாய்க்கு மேல் ‘மூடு’. வாசல் கதவின் உட்பக்கம் ‘தனியாகப் போகாதே’. எல்லாம் அவருடைய கையெழுத்து.

“ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்கன்னு சொல்லியிருக்கேன். எழுதற விஷயம் அவளுக்குத் தெரியாது” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு பால் இல்லை என்று பையை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மனைவி உள்ளிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். தலைமுடி குட்டையாக இருந்தது. இடது காதுக்கு மேல் நீளமாக ஒரு தழும்பு.

“ஆபரேஷன். ரெண்டு வருஷமாச்சு. கட்டியை எடுத்தாங்க, கூடவே கொஞ்சம் ஞாபகத்தையும் எடுத்துட்டாங்க. சிலது நிக்குது, சிலது நழுவிடுது. நான் நர்ஸ். இருபத்திரெண்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவ. உள்ள போன பஞ்சு எத்தனை, வெளிய வந்தது எத்தனைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இப்ப உப்பு போட்டேனான்னு தெரியல.”

சுருக்கெழுத்துக்கு அந்த உப்பு நினைவுக்கு வந்தது. ‘மேலிடம் என்மேல் கொண்ட அன்பு இரட்டிப்பானது, உப்பும்தான்’ என்ற குறிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க ஆபீஸ் இல்லதானே? தபால் ஆபீஸ் ஆளுங்க வந்தா பென்ஷனைப் பத்திப் பேசுவாங்க. நீங்க சுவத்தையே பார்த்துட்டிருக்கீங்க. அவர் போன்ல எதையோ எழுதறார், தனியாச் சிரிக்கறார். என்ன எழுதறார்?”

“நகைச்சுவைங்க. ரொம்ப நல்லா எழுதுவார்.”

“என்னைப் பத்தியா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. “காட்டுங்க” என்று மனைவி கை நீட்டியபோது சுருக்கெழுத்து போனைக் கொடுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தாள். பேருந்து நிறுத்தத்தில் மேலிடம் கணவரை அடையாளம் தெரியாமல், ‘சார், இந்த பஸ் எங்க போகுது?’ என்று கேட்ட குறிப்பு. முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று முடித்திருந்தார். கீழே முந்நூறு சிரிப்பு முகங்கள்.

“அன்னைக்கு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?” என்றாள். குரல் உயரவில்லை. விரல் இன்னும் கீழே இறங்கியது. “‘சிரிச்சு வயிறு வலிக்குது சார்! மேலிடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.’ யாரு இந்தச் சுருக்கெழுத்து?”

“யாரோ… தெரியல” என்றாள் சுருக்கெழுத்து.

அந்த அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தில் குழுவின் பெயரை எழுதி, மருந்துப் பெட்டிக்கு அடியில் சொருகினாள். பொடிமட்டை பாலோடு வந்தார். தேநீர் குடித்தார்கள். பேச்சு பால் விலையைப் பற்றிப் போனது.

வழியனுப்ப வந்தவர் படிக்கட்டில் நின்றார். “ஆபரேஷனைப் பத்தி எழுத வேண்டாம். படிக்கறவங்க சங்கடப்படுவாங்க.”

“சார், அவங்களுக்கு…”

“ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்லிப் பாருங்கம்மா. குளிப்பாட்டறது, துணி மாத்தறது, எல்லாம் நான்தான். அதை எழுதி நாலு பேரைச் சிரிக்க வைக்கலைன்னா நான் என்னைக்கோ மாடியிலேருந்து குதிச்சிருப்பேன்.” அவர் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு, “உங்க கதையைத் தொகுப்புல சேர்த்தாச்சு. நான்தான் விடாப்பிடியா நின்னேன்” என்றார்.

அவள் எழுதிய அறிமுகத்தில் சிரிப்பு நிறைந்த வீடு இருந்தது. தேநீர் தந்து உபசரித்த, குழந்தை மனம் கொண்ட மேலிடம் இருந்தாள். தழும்பு இல்லை, சீட்டுகள் இல்லை. ‘படிக்கும்போதே மனசு நிறைந்தது’ என்று வரிசையாகப் பாராட்டினார்கள்.

நான்காம் நாள் ‘மேலிடம்’ என்ற பெயரில் புது உறுப்பினர் ஒருவர் அதன் கீழே எழுதினார்: “நான்தான் அந்த மனைவி. நான் நர்ஸாக இருந்தேன். தலையில் ஆபரேஷன் ஆனது. அதனால் மறக்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பெண்ணையே கேளுங்கள்.”

ஐந்து நிமிடத்தில் சிரிப்பு முகங்கள் குவியத் தொடங்கின. பொடிமட்டையே இன்னொரு பெயரில் வந்து கலாய்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். “அண்ணே, நடிப்பு பிரமாதம்!” “மேலிடமே நேரில் வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா!” ஒருவர் கேட்டார்: “சுருக்கெழுத்து, சாட்சி சொல்லுங்க, இது உண்மையா?”

சுருக்கெழுத்து, ‘உண்மைதான்’ என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். உண்மை என்றால், நீ ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அவள் கதையை எடுத்துவிடவும் முடியும். கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மேலிடம் அதன் பிறகு எழுதவில்லை. அடுத்த வாரம் பொடிமட்டை ‘மேலிடம் எழுத வந்தாள்’ என்று ஒரு குறிப்புப் போட்டார். அதுவரை எதற்கும் விழாத அளவு சிரிப்பு அதற்கு விழுந்தது.

புத்தகம் வந்தது. அவள் கதை எழுபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. அண்ணிகூட வாங்கிப் பார்த்து, “உன் பேரைக் காணோமே” என்றாள்.  சுருக்கெழுத்து ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்துவிட்டு, விடுப்புப் போட்டு அந்த மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அந்த அம்மாள்தான் திறந்தாள்.

“வாங்க. யாரைப் பார்க்கணும்? அவர் பேங்க்குக்குப் போயிருக்கார்.”

“உங்களைத்தான். மன்னிப்புக் கேட்கணும்.”

“எதுக்கும்மா?”

சுருக்கெழுத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குழு, குறிப்புகள், பேருந்து நிறுத்தம், வயிறு வலிக்குது என்று தான் போட்ட பின்னூட்டம், தான் எழுதாமல் விட்டது, கடைசியாகப் போட்ட சிரிப்பு முகம். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சு, மறந்துட்டேன்.”

“ஆமா.”

அந்த அம்மாள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். “காலையில அவர் தலை வாரி விட்டார். எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சுட்டிருந்தேன்” என்றாள். பிறகு நிமிர்ந்து, “உங்களுக்கு மனசு லேசாயிடுச்சா?” என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை, வலி குறைந்ததா என்று நோயாளியைக் கேட்பதுபோல்தான் கேட்டாள். சுருக்கெழுத்து எழுந்து வந்துவிட்டாள்.

அன்றே குழுவிலிருந்து விலகினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொடிமட்டை மட்டும், “சுருக்கெழுத்து சுருக்கமாகவே விடைபெற்றுக்கொண்டார்” என்று ஒரு வரி போட்டார். அதற்கும் சிரித்தார்கள்.