கொறடு பிடிக்க ஆள் தேவை

'கொறடு பிடிக்க நல்ல உடல்வாகுள்ள ஆள் உடனே தேவை. ரோலிங் மில், கும்மிடிப்பூண்டி. சனிக்கிழமை காலை சூபர்வைசர் வரதனை நேரில் பார்க்கவும்.'

பழுப்பேறிய காகிதத்தில் கட்டம் கட்டி வந்திருந்த அந்த வரிகளை மெர்சி தன் செல்போனில் பார்த்தபோது, ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் உட்கார்ந்து காலை டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். விளம்பரத்துக்குக் கீழே, 'நேர்ல போனா போதும், சட்டைய புடிச்சி இஸ்துக்கினு போயி வேலைல போட்ருவாங்க. அது ஒரு காலம்' என்று எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டிருந்தான் தணிகைவேல்.



தணிகைவேல் கவரைப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவன். அவன் அப்பா வீரராகவன் ஒரு காலத்தில் 'எல்லை முழக்கம்' என்று வாரப் பத்திரிகை நடத்தினார். சனிக்கிழமைதோறும் வரும். அந்தப் பழைய இதழ்களிலிருந்து தினம் ஒரு விளம்பரத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது தணிகைவேலின் பொழுதுபோக்கு. மூலத்துக்கு வைத்தியம், காணாமல் போன எருமை, டைப்ரைட்டிங் தெரிந்த மணமகள் தேவை. ஊரே பார்த்துச் சிரிக்கும். மெர்சியும் நேற்று வரை சிரித்தவள்தான்.

ஆனால் இந்த விளம்பரம் அவளுக்குப் பழக்கமானது. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது வந்தது.

ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி ஓர் உருளையிலிருந்து சீறிக்கொண்டு வெளியே வரும். எதிரே நிற்கிறவன் அதன் மூக்கைக் கொறடு என்கிற நீண்ட இடுக்கியால் கவ்வி, திருப்பி, அடுத்த உருளைக்குள் செருக வேண்டும். தொண்ணூற்றாறில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பி நேராக வரவில்லை. அதற்கு வழிகாட்டும் இரும்பு கைடு கழன்றுபோய், கம்பி எகிறி, மெர்சியின் அப்பா பாக்கியநாதனின் தொப்புளுக்கு மேலே புகுந்து முதுகைப் பொத்துக்கொண்டு வெளியே போனது. மெஷினை நிறுத்தும் வரை அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கருகிய சதை வாசனையில் பக்கத்தில் நின்றவன் மயங்கி விழுந்தான்.

மறுநாள் காலையில் பத்திரிகை வந்தது. முன்பக்கத்தில் அப்பாவின் சாவு. உள்பக்கத்தில் இந்த விளம்பரம்.

"பொணம் இன்னும் ஊடு வந்து சேரல. அதுக்குள்ள ஆள் தேடுறான் பாரு" என்று மெர்சியின் அம்மா மேரி மண்ணை வாரித் தூற்றினாள். ஆனால் வரதன் வந்து அவள் காலில் விழுந்து அழுதான். "மில்லு ஒரு நாள் நிக்கக் கூடாதும்மா, மொதலாளி என்னைக் கொன்னுடுவாரு. அதான் அவசரமா போட்டேன்" என்றான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். மெர்சியைப் படிக்க வைத்தான். அவன் லேபர் கான்டிராக்டராகிச் சொந்தமாகக் கம்பி யார்டு போட்டதும் அவளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுத்தான். மெர்சி அவனை அப்பா ஸ்தானத்தில் வைத்து நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

டீ கிளாஸை வைத்துவிட்டு, தணிகைவேலின் கடைக்கு ஸ்கூட்டியை எடுத்தாள்.

*

"தணிகை, அந்த ஸ்டேட்டஸ எடுத்துடு மொதல்ல."

"எத்தக்கா?"

"காலைல போட்டியே. அது எங்க அப்பா செத்த எடத்துக்கு வந்த விளம்பரம். அதுக்குப் போயி பல்ல இளிக்கிற பொம்ம வெச்சிக்கினு கீற."

தணிகைவேலின் முகம் சுருங்கிப்போனது. போனை எடுத்து உடனே அழித்தான். "சத்தியமா தெரியாதுக்கா. உள்பக்கத்த மட்டுந்தான் பாத்தேன். முன்னால திருப்பவே இல்ல."

மேஜைமேல் அந்த இதழ் கிடந்தது. இரண்டாக மடித்த ஒரே தாள். இப்போது முன்பக்கத்தைத் திருப்பினான். 'கம்பி பாய்ந்து தொழிலாளி பலி.' படித்தான். உள்ளே புரட்டினான். மறுபடியும் முன்பக்கம். அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா, அவரு தவறுனது வெள்ளிக்கிழம தானே? நல்லா தெரியுமா?"

"கல்லறையில வெட்டி வெச்சிக்கீது. இன்னாடா இப்போ?"

"எங்க நைனா கால்ல மிதிக்கிற மிஷின்லதான் அச்சடிப்பாரு. ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் ஓடாது. விளம்பரம் வர்ற உள்பக்கத்த புதன்கிழமையே அடிச்சி கொடியில காயப்போட்டுடுவாரு. முன்பக்கத்த மட்டும் காலியா வெச்சிருந்து, வெள்ளிக்கிழம வர்ற கடைசி சேதியக் கோத்து அடிப்பாரு. நான்தான் தாள எடுத்துக் குடுப்பேன்."

"அதுக்கு?"

"இந்த உள்பக்கம் அச்சாவறப்ப உங்க அப்பா உசுரோட இருந்தாருக்கா. மறுநாளும் வேலைக்குப் போயிக்கினு இருந்தாரு. அவரு எடத்துக்கு புதன்கிழமையே ஆள் கேட்டுக்கீறாங்க."

கடைக்கு எதிரே ரயில்வே கேட்டில் மணி அடித்தது. மெர்சிக்கு அது எங்கோ தொலைவில் கேட்டது.

"வேற யாருனா நின்னிருப்பாங்க" என்றாள். சொல்லும்போதே தெரிந்தது. வரதனின் ஷிப்டில் கொறடு பிடித்தது அப்பா ஒருவர்தான்.

அந்த வாரம் வீட்டில் நடந்த பேச்சும் ஞாபகம் வந்தது. பீகார் பையன் ஒருவன் ஃபர்னஸில் விழுந்து செத்ததை வரதன் வெளியே தெரியாமல் மறைத்துவிட்டான். திங்கட்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வரும்போது அதைச் சொல்லிவிடப் போவதாக அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமையை அவர் பார்க்கவில்லை. கொல்வதற்கு நாள் குறித்தவன், கொன்ற பிறகு மில் நிற்கக் கூடாதே என்று ஆளுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்திருக்கிறான். புதனைத் தவற விட்டால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். மில் ஒரு நாள் நின்றாலும் வரதனுக்குப் பொறுக்காது.

"உங்க அப்பாவுக்கு இது தோணலையா?"

தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கப்பறம் வரதன் வாராவாரம் அரைப்பக்கம் விளம்பரம் குடுத்தாரு. ஏன்னு எங்க நைனா கேட்டதில்ல."

மெர்சி இதழை எடுக்கக் கை நீட்டினாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கியவன் அன்புசெல்வன், வரதனின் டிரைவர். கூட இன்னொரு தடியன். அன்புசெல்வனின் கையில் கம்பித் துண்டு. மெர்சியைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினான்.

"நீ இன்னாக்கா இங்க? வெளிய போ. ஐயா காலைல ஸ்டேட்டஸ் பாத்தாரு, அந்தப் பேப்பர எடுத்தாரச் சொன்னாரு. உனக்கு சம்பந்தம் இல்லாத வெவகாரம்."

"எங்க அப்பன் சம்பந்தப்பட்டது எனக்கு சம்பந்தம் இல்லியா?"

அன்புசெல்வன் கம்பியை ஓங்கினான். தணிகைவேல் இதழை நெஞ்சோடு அணைக்க, கம்பி அவன் வலது முழங்கையில் இறங்கியது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம். அவன் அலறவில்லை. மூச்சு மட்டும் விசில் மாதிரி வந்தது. தடியன் அவன் தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். இரண்டு பற்கள் ரத்தத்தோடு கீபோர்டில் விழுந்தன.

மெர்சி சுற்றிலும் பார்த்தாள். பேனரில் ஓட்டை போடும் இரும்புப் பஞ்சிங் மெஷின் கைக்கு எட்டியது. தூக்கி முழு பலத்தோடு தடியனின் காதுப்பக்கம் விட்டாள். அவன் சுவரில் சரிந்து, சரிந்தபடியே கிடந்தான். அன்புசெல்வன் திரும்பி வீசிய கம்பி அவள் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் வழிந்து இடது கண்ணை மூடியது. அவன் கழுத்தைப் பிடித்து அவளைப் பிரிண்டர்மேல் சாய்த்து நெரித்தான்.

"சொன்னேனே, கேட்டியா? சோறு போட்டவரு வூட்டுலயே கை வெக்கிற."

அவள் கை தடவித் தடவி, இங்க் கழுவுகிற சால்வென்ட் டப்பாவைக் கண்டுபிடித்தது. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. அப்படியே அவன் கண்ணில் ஊற்றினாள்.

அன்புசெல்வன் மாடு மாதிரிக் கத்திக்கொண்டு பின்வாங்கினான். ஆனால் வந்த வேலையை மறக்கவில்லை. குருடனாகத் தரையைத் துழாவி இதழை எடுத்தான், சால்வென்ட் சொட்டிக்கொண்டிருந்த அதில் லைட்டரைத் தட்டினான். குபீரென்று எரிந்தது. தீ ஃப்ளெக்ஸ் ரோலுக்குத் தாவியது. மெர்சி தணிகைவேலின் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்தாள். அன்புசெல்வன் எரிகிற கையை உதறிக்கொண்டு, கார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சாக்கடையில் விழுந்தான். கேட்டில் நின்ற கூட்டம் ஓடிவந்து தடியனை இழுத்துப் போட்டது.

"பேப்பர் பூட்ச்சிக்கா" என்றான் தணிகைவேல், ரத்தத்தைத் துப்பியபடி. "போன்ல கீறது உள்பக்கம் மட்டும். முன்பக்கம் இல்லாம அத வெச்சிக்கினு ஒண்ணும் நிரூபிக்க முடியாது."

"அப்போ அவன் வாயாலதான் வரணும்." மெர்சி துப்பட்டாவால் நெற்றியை இறுக்கிக் கட்டினாள். "இடது கையால டைப் அடிப்பியா?"

"மொதல்ல ஆசுபத்திரிக்கா."

"போவலாம். மொதல்ல ஒரு விளம்பரம் போடு. நான் சொல்றேன், அடி. கீழ என் நம்பரைப் போடு."

*

யார்டில் லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. வரதன் வெள்ளைச் சட்டையில் கம்பிக்கட்டுகளுக்கு முன்னால் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். அறுபத்தைந்து வயதிலும் குரல் இறங்கவில்லை. மெர்சி நேராகப் போய் ஃபோர்க்லிஃப்டில் ஏறி ஸ்டார்ட் செய்தாள்.

"எங்க போன கண்ணு? யார்டு நிக்குது பாரு. மூஞ்சில இன்னா ரத்தம்?"

"தணிகைவேல் ஸ்டேட்டஸ் பாரு நைனா. புது விளம்பரம்."

வரதன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தான்.

'லேபர் கான்டிராக்டர் வரதன் இடத்துக்கு ஆள் உடனே தேவை. நாளை காலை யார்டில் நேரில் வரவும்.'

சிரிக்கப் பார்த்தான். பாதிச் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. "இன்னா வெளாட்டு இது? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்."

"எங்க அப்பாவும் புதன்கிழம நின்னுக்கினுதான் இருந்தாரு."

போனை மெதுவாகப் பையில் போட்டான். மறுகை பக்கத்தில் கிடந்த கடப்பாரைக்குப் போனது. ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கவைகளுக்கு நடுவே வந்து, முன்சட்டத்துக்கு மேலாக அடித்தான். மெர்சியின் தோள்பட்டை எலும்பு உள்ளே நொறுங்குவது அவளுக்கே கேட்டது. இரண்டாம் அடிக்கு அவன் கை ஓங்கி இறங்குவதற்குள் அவள் கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தியது. ஃபோர்க்லிஃப்ட் பாய்ந்தது. வரதன் பின்னால் எகிறிக் கம்பிக்கட்டில் மோதினான். இரும்புக் கவைகள் அவன் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கட்டுக்குள் செருகின. நடுவில் இருந்த இரும்புச் சட்டம் அவன் நெஞ்சை அழுத்தி நின்றது. ஒரு கால் சக்கரத்துக்கு அடியில் மாட்டி, செருப்போடு சேர்ந்து கூழாகியிருந்தது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். "மெர்சிக்கா, வேணாங்க்கா" என்று யாரோ சொன்னார்கள். ஆனால் பக்கத்தில் வர யாருக்கும் துணிவில்லை. செல்போன்கள் மட்டும் உயர்ந்தன.

"கைடு போல்ட்ட யாரு கழட்டனது நைனா?"

"பைத்தியமாடி உனக்கு? ரிவர்ஸ் எடு."

அவள் ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தினாள். விலா எலும்பு ஒன்று படக்கென்றது. வரதனின் வாயோரம் ரத்தம் நுரைத்தது.

"உன்னப் படிக்க வெச்சேன். உங்க அம்மா சாவுக்கும் செலவு பண்ணி நின்னது நான்தானே..."

"எங்க அப்பா சாவுக்கும் நீதானான்னு கேக்குறேன்."

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வலது கை உயிரற்றுத் தொங்கியது. இடது கைதான் ஸ்டியரிங்கில். ஆக்சிலரேட்டரில் இருந்த அவள் கால் இன்னும் அரை அங்குலம் இறங்கினால் போதும். அவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்தது. அவள் கண்ணில் அவன் என்னத்தைப் பார்த்தானோ, பொய் சொல்கிற தெம்பு போய்விட்டது.

"நான்தான்." மூச்சு எட்டாமல் சொன்னான். "நான்தான் கழட்டனேன். இன்ஸ்பெக்டராண்ட போறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். எத்தினியோ சொன்னேன், டப்பு கூடத் தரேன்னேன். அந்தப் பீகார் பையன் வெவகாரம் வெளிய வந்தா மில்லையே இழுத்து மூடிடுவாங்க. மில்லு நிக்கக் கூடாது கண்ணு. அது ஒண்ணுதான்..."

பீகாரிலிருந்து வந்த ஆட்களுக்கு யாரோ மெல்லிய குரலில் இந்தியில் விளக்கினார்கள். அவர்களில் ஒருவன் தலையிலிருந்த துண்டைக் கழற்றினான்.

மெர்சி பிரேக்கை மிதித்தாள். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி எடுத்துக்கொண்டாள்.

"மெர்சி. ரிவர்ஸ் எடுத்துட்டுப் போ கண்ணு. செத்துடுவேன்."

"போலீஸ் வரட்டும். அதுவரிக்கும் அப்பிடியே நில்லு. எங்க அப்பாவுக்கு மாதிரி கம்பி உள்ள ஓடல இல்ல?"

படியில் உட்கார்ந்தாள். ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாய் கொப்பளித்துத் துப்பினாள், சிவப்பாக. மடியில் போன் அடித்தது. புது நம்பர்.

"ஹலோ, ஸ்டேட்டஸ்ல பாத்தேங்க. கான்டிராக்டர் வேல போட்டிருந்தீங்களே. நான் கடம்பத்தூர்லேந்து பேசறேன். எடம் காலியாத்தான் கீதா?"

மெர்சி கம்பிக்கட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காலிதான்" என்றாள். "காலைல நேரா வந்துடுங்க. யார்டு நிக்கக் கூடாது."