வெளியே ஓடாதவள்

"பேரு?" என்று ஞானம்மா டீச்சர் கேட்டார்.

"செந்தாமரை டீச்சர். எங்கக்கா மவ. செங்கல்பட்டு," என்றாள் பாஞ்சாலி. சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற சிறுமியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவ சொல்ல மாட்டாளா?"

"திக்குவாய் டீச்சர். கேட்டா அயுதுடுவா."

டீச்சர் பேனாவைத் திறந்தவர் உடனே எழுதவில்லை. சிறுமியின் தலையைப் பார்த்தார். நடுவகிடு எடுத்து, இரட்டைப் பின்னலை மடித்துக் காதுக்குப் பின்னால் கறுப்பு ரிப்பனால் இறுக்கியிருந்தது. இந்த ஊரில் யாரும் இத்தனை சிரத்தையாகப் பின்னி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. பிறகு குனிந்து, சொன்னபடியே எழுதினார். "நாலாங்கிளாஸ். ஒம் பொண்ணு நிலா பக்கத்துலயே உக்காரட்டும்."

சிறுமியின் உண்மைப் பெயர் துஷ்யந்தி. பருத்தித்துறையிலிருந்து தாயோடு படகில் வந்தவள். அவளுடைய தாய் தவமலரும் பாஞ்சாலியும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு திருகாணிப் பட்டறையில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். பாஞ்சாலிக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்த பிறகும் பழக்கம் விட்டுப்போகவில்லை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அந்த வாரமே வீட்டுக்காரர் தவமலரின் சட்டிபானைகளைத் தெருவில் எறிந்தார். மறுநாள் போலீஸ் ஜீப் வந்து அவளை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜீப் வருவதற்கு முன்பே சிறுமியைப் பாஞ்சாலியின் வீட்டில் விட்டுவிட்டிருந்தாள். அகதிப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வைத்திருப்பவர்களையும் பிடித்துப் போவார்கள் என்ற பேச்சு ஊரில் இருந்தது. வீட்டிலேயே பூட்டி வைத்தால் அக்கம்பக்கம் கேட்கும். பள்ளிக்கு அனுப்பினால் பேச வேண்டியிருக்கும்; ஒரு வார்த்தை பேசினாலும் யாழ்ப்பாணப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். யோசித்து யோசித்து, திக்குவாய் என்ற வழியைப் பாஞ்சாலிதான் கண்டுபிடித்தாள்.

சத்துணவுக் கொட்டகையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைப்பாக்கத்துப் பலராமன் வேலிகாத்தான் விறகை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டான்.

"இன்னா பாஞ்சாலி, புதுசா அக்கா மவல்லாம் வந்துகீது? ஒங்கக்காளுக்குப் புள்ளையே கெடையாதேம்மே."

"அது சின்னக்கா. இது பெரியக்கா மவண்ணே. நீ எங்கூட்டுக் கணக்கெல்லாம் எடுக்காத." சிரித்தபடி சொன்னாள். பேச்சை மாற்றினாள். "தம்பி எப்டிகீறான்?"

பலராமன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். அவன் தம்பி அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனவன். "ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணு டவுட்டுன்றாரு டாக்டரு. லைட்டு போடு லைட்டு போடுன்னு கத்திகினே கீறான். பகல்ல."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. குண்டு வெடித்த நாளிலிருந்து பெரிய மனிதர்கள் அந்த இடத்தைப் பார்க்க ஹெலிகாப்டரில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழா. வகுப்பு முழுவதும் பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்து மைதானத்துக்கு ஓடி வந்து, வானத்தைப் பார்த்துக் கையாட்டிக் கூவியது. பாஞ்சாலி துடுப்பைப் பிடித்தபடி நிலாவைத் தேடினாள். காணவில்லை. அவள் மகளைக் காணவில்லை. செந்தாமரையும் இல்லை.

வகுப்புக்குள் இருந்து நிலா வீறிட்டாள்.

பாஞ்சாலி துடுப்போடே ஓடினாள். பின்னாலேயே பலராமனும். கடைசி பெஞ்சுக்கு அடியில் செந்தாமரை குப்புறக் கிடந்தாள். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சைத் தரையில் படாமல் தூக்கி, கட்டைவிரல்களால் காதை அடைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பென்சிலைக் கடித்திருந்தாள். நிலாவின் மீது தன் காலைப் போட்டு அமுக்கியிருந்தாள். நிலா தன் வாயிலிருந்த பாதி பென்சிலைத் துப்பினாள். உதடு கிழிந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது.

"என்னைப் புடிச்சி இழுத்துட்டாம்மா! பென்சில வாய்ல குத்திட்டா!"

ஞானம்மா டீச்சர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வானத்திலிருந்து குண்டு விழும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கிய படுக்கை இது என்று ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிச் சிறுமியின் உள்ளங்கையில் திணித்தார். "வலிப்புப்பா. தள்ளு, காத்து வரட்டும். வலிப்பு."

"வலிப்பு வந்தவ கூட ஒருத்திய ஏன் டீச்சர் இழுத்துகினு போறா?" என்றான் பலராமன். "எல்லாப் புள்ளையும் வெளிய ஓடுது. இவ மட்டும் ஏன் உள்ள ஓடுறா?"

அவன் குனிந்து அந்த இரட்டைப் பின்னலைப் பிடித்தான். பெஞ்சு கவிழ்ந்தது. மைதானத்து மண்ணில் அவளைத் தரதரவென்று இழுத்துப் போட்டபோது, பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்த தகப்பன்மார்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றினான். "வாயத் தொற. ஒம்பேரச் சொல்லு. ஒங்கம்மா பேரச் சொல்லு. பேசுடி!" பலராமன் அவள் கன்னத்தில் அறைந்தான். பென்சில் முறிந்தது. அவள் இன்னும் அதைக் கடித்தபடியே இருந்தாள்.

பேசினால் முடிந்தது. பாஞ்சாலிக்கு அது மட்டும்தான் தெரிந்தது. கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனவள், சோறு கிண்டும் துடுப்பால் சிறுமியின் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"எம்பொண்ணு வாயக் கியிச்சிட்டியேடி! தாயத் தின்னவளே, சோறு போட்டு வச்சதுக்கா?"

இன்னொன்று. இன்னொன்று. சூடான கஞ்சி தெறித்து அவள் தோளில் ஒட்டியது. முதல் அடி நடிப்பு. எத்தனையாவது அடியில் அது நடிப்பாக இல்லாமல் போனது என்று பாஞ்சாலிக்குத் தெரியவில்லை. நிலாவின் கிழிந்த உதடு கண்ணில் நின்றது. இந்தப் பிள்ளை வந்த நாளிலிருந்து தூங்காத இரவுகள் எல்லாம் கைக்கு வந்தன. சிறுமி அழவில்லை. அடி வாங்கி அழாத பிள்ளை இந்த ஊரில் ஏது?

"அயுவுடி!" என்று பாஞ்சாலி கத்தினாள். "அயுவு! வாயத் தொறந்து அயுவுடி!"

செருப்பைக் கழற்றியவன் அதைக் கீழே போட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். துடுப்பு மீண்டும் உயர்ந்தபோது அதைப் பிடித்தது பலராமனின் கை.

"வுடு பாஞ்சாலி. செத்துடப் போவுது. அக்கா மவளப் போயி இப்டியா அடிப்ப?"

அவள் மூச்சு வாங்கினாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அடுத்தவள் பிள்ளையை யாரும் இப்படி அடிக்க மாட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். பலராமன் கொட்டகைக்குப் போய் அலுமினியக் குவளையில் தண்ணீர் மொண்டு வந்தான். சிறுமியின் முன்னால் குந்தி, அவள் வாயிலிருந்த பென்சில் துண்டை இரண்டு விரல்களால் மெதுவாக எடுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"எங்கம்மா வலிக்குது? மாமா ஆத்தரத்துல அடிச்சிட்டேன். திக்குனாலும் பரவால்ல, சொல்லு."

கறுப்புப் படிந்த உதடுகள் அசைந்தன. சரியாகக் கேட்கவில்லை என்று அவன் இன்னும் குனிந்து, தன் காதை அவள் வாயருகே கொண்டுபோனான். பாஞ்சாலி துடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்து, பலராமனின் குனிந்த பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.