ஞாயிற்றுக்கிழமைக் கடல்

வில்பிரட்டுக்கு வாய் நீளம். ஊர்க்கமிட்டிக் கூட்டத்தில் மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மேசையைத் தட்டிப் பேசுகிற ஆள். அப்படிப்பட்டவன்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், "இன்ஜின்ல வேலை கெடக்கு" என்று ஊரெல்லாம் பொய் சொல்லி, தன் படகைக் கரையிலிருந்து கிளப்பிக்கொண்டு தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போனான்.

அவன் ஊரில் சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஒரு படகும் கடலில் இருக்கக்கூடாது. ஞாயிறு ஆண்டவருடைய நாள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் துறைமுகத்தில் அவன் ஏற்றிக்கொள்ளப்போன, பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கிற தூண்டில் கிளப்காரர்களுக்கு வேறு நாள் ஏது? வாத்தியார், டாக்டர், துணிக்கடைக்காரர் என்று எல்லாரும் ஞாயிறு லீவுக்காரர்கள். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து தூண்டில் போட வேண்டும், வாடகையை முன்பணமாகவே தருகிறோம் என்றார் கிளப் செயலாளர் நேசக்குமார். ஒரு ராத்திரிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று வில்பிரட் ஒத்துக்கொண்டான். பேச்சுக்குரல் ஊருக்குக் கேட்டு மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வயர்லெஸ் செட்டைக்கூட வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டான். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு!

துணைக்கு மச்சினன் ரெக்ஸ், பெண்சாதி எமில்டாவின் தம்பி. அக்காவிடம், ஆத்தூரில் கூட்டாளி வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். ஆக, அவர்கள் கடலில் இருப்பது கரையில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

ராத்திரி நன்றாகத்தான் போனது. அந்தக் காலத்தில் முத்துக் குளித்த பாறைத்திட்டு ஒன்றின் மேல் நங்கூரம் போட்டார்கள். விளமீனும் களவாயும் ஐஸ் பெட்டியை நிறைத்தன. டாக்டர் பாட்டுக்கூடப் பாடினார்.

பெட்டி நிறைந்ததால் நடுச்சாமத்துக்கே கிளம்பும்போதுதான் சனியன் பிடித்தது. நங்கூரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. கயிற்றை வெட்டிவிட்டு வந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வில்பிரட்டுக்கு மனசு வரவில்லை. ரெக்ஸை முன்பக்கம் நின்று கயிற்றைச் சுருட்டச் சொல்லிவிட்டு, படகை முன்னே விட்டு இழுத்துப் பார்த்தான். தொய்ந்த கயிறு படகுக்கு அடியில் போய், படகைத் தள்ளுகிற காத்தாடியில் சுற்றியது. படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. இன்ஜின் செத்தது. முன்பக்கம் பார்த்தால் ரெக்ஸ் இல்லை.

"அத்தான்!" என்ற சத்தம் தண்ணீரிலிருந்து வந்தது.

கிளப்காரர்கள் எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். ரெக்ஸோ தன்னுடையதைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டு அங்கேயே போட்டிருந்தான். நேசக்குமார்தான் சட்டென்று காலி டீசல் கேனைத் தூக்கி எறிந்தார்.

"கெடைச்சிட்டு அத்தான்!" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அடுத்த கூப்பாடு இன்னும் தள்ளிக் கேட்டது. நீரோட்டம் அவனைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. படகோ நங்கூரக் கயிற்றில் கட்டிப்போட்ட மாடாக நின்றது.

வில்பிரட் கத்தியோடு குதித்தான். கயிறு காத்தாடியில் இரும்பாக இறுகிக் கிடந்தது. மூச்சு முட்டி மேலே வந்தபோது ரெக்ஸின் குரல் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ஊருக்குப் போன் போடுங்க! எங்க போன்ல ஒண்ணும் எடுக்க மாட்டேங்கு" என்று நேசக்குமார் கத்தினார்.

வில்பிரட் கேபின் கூரைமேல் ஏறினான். அவன் போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் தெரிந்தது. எமில்டாவின் பெயரில் விரலை வைத்தான். அழுத்தவில்லை.

போன வருஷம் பெவின் என்கிற பையன் இதேபோல ஞாயிற்றுக்கிழமை கள்ளத்தனமாகப் போய், இன்ஜின் நின்று நடுக்கடலில் கிடந்தான். கட்டி இழுத்து வர நாலு பேர் கிளம்பியபோது, மேசையைத் தட்டி மறித்தது யார்? இந்த வில்பிரட்தான். "ஞாயித்துக்கெழம போனவனத் தேடி ஒரு படகும் எறங்கக் கூடாது" என்று அவன் சொன்னதைத்தான் கமிட்டி தீர்மானமாக எழுதியது. திங்கட்கிழமைதான் பெவினைக் கொண்டுவந்தார்கள், நாக்கு வறண்டு, அரை உயிராக.

இப்போது எந்த முகத்தோடு கேட்பது? எமில்டாவிடம் என்னவென்று சொல்வது? போனைக் காதில் வைத்து, "அலோ, அலோ" என்று வெறுமனே கத்தினான்.

"சிக்னல் இல்ல சார்" என்றான்.

மறுபடியும் குதித்தான். மறுபடியும் வெட்டினான். கை கிழிந்து ரத்தம் வந்தது. நானே பிடித்துவிடுவேன், படகைக் கிளப்பிவிட்டால் போதும், ஊருக்குத் தெரியாமலே பிள்ளையைத் தூக்கிவிடுவேன் என்று மனசுக்குள் ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டே வெட்டினான். மேலே ஏறினால் நேசக்குமார் கேட்பார். அவன் அதே பொய்யைச் சொல்வான். இப்படியே இருட்டு முழுவதும் கரைந்தது.

வெளுக்கத் தொடங்கியதும் எல்லாரும் தெற்கே பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அந்நேரம் அங்கே எத்தனை படகு! இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. கேனும் இல்லை, தலையும் இல்லை. வெறும் தண்ணீர். ரெக்ஸ் போய்விட்டான் என்று வில்பிரட்டுக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் ஊரும் கமிட்டியும் மானமும் அவனுக்கு ஒன்றுமில்லாமல் போயின. கூரைமேல் ஏறி எமில்டாவைக் கூப்பிட்டான்.

"கோயில்ல பூசைக்கு நிக்கேன். என்னங்க?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பாறைத்திட்டின் பெயரையும் நீரோட்டம் இழுக்கும் திசையையும் சொன்னான். அவள் திட்டவில்லை, அழவில்லை. போனை அணைக்கவும் இல்லை. அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது. பிறகு மைக்கில் அவள் குரல்.

"எந்தம்பி கடல்ல கெடக்கான். எம்புருசன் ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போயிட்டாரு. தப்புதான். யாராவது வாங்களேன்!"

அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. வில்பிரட் கூரையில் மண்டியிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கிடந்தான். ஒருத்தனும் வரமாட்டான் என்று நினைத்தான். திடீரென்று கோயில் மணி தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. அதோடு சிக்னல் அறுந்தது.

வெயில் ஏறிய பிறகு மேற்கே புள்ளி புள்ளியாகப் படகுகள் தெரிந்தன. ஊரே திரண்டு வந்திருந்தது. பூசைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு அப்படியே இறங்கி வந்தவர்கள், தெற்கே வரிசையாகப் பரவிப் போனார்கள். அதற்குப் பிறகு காத்திருந்த நேரத்தை வில்பிரட் எப்படித் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது.

கடைசியில் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸின் படகு வந்து பக்கத்தில் அணைந்தது. உள்ளே ரெக்ஸ் கிடந்தான். உதடு வெடித்து, கண் வீங்கி, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி நடுங்கியது. ஆனால் உயிர் இருந்தது. வில்பிரட் தாவி அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"எனக்குத் தெரியும் அத்தான்" என்றான் ரெக்ஸ். குரல் காற்றாகத்தான் வந்தது. "நான் விழுந்த உடனே நீங்க ஊருக்குச் சொல்லியிருப்பிய. இந்தா வந்துருவாங்க, இந்தா வந்துருவாங்கன்னுதான் ராவெல்லாம் கேனை விடாமப் புடிச்சிட்டுக் கெடந்தேன்."

நேசக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிக்னல் இல்லை என்று ராத்திரியெல்லாம் வில்பிரட் வாயால் கேட்டவர் அவர். படகு அசையாமல் நின்ற அதே இடத்தில் விடிந்ததும் மட்டும் சிக்னல் எப்படி வந்தது என்று இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வில்பிரட்டும் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

"இல்லலே மாப்ள" என்றான் வில்பிரட், சுற்றி நின்ற படகுகளுக்கெல்லாம் கேட்கும்படி. "சிக்னல் இருந்தும் விடிஞ்ச பொறவுதான் சொன்னேன்."

ரெக்ஸ் அவனையே பார்த்தான். அத்தானின் தோளைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.