பார்க்கவா, வளர்க்கவா

ஸ்டூல் மேல் நின்று, ஒரு கையில் கருகிப்போன விளக்கையும், காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனையும் பிடித்துக்கொண்டிருந்த மணிகண்டராஜ், மதுரைக் கடைக்காரர் கேட்ட கேள்வியில் கடல்நீர்த் தொட்டிக்குள் விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"லைட்டு பாக்குறதுக்கா, வளக்குறதுக்கா அண்ணாச்சி?"

"புரியல ஜெயச்சந்திரன்."

"மெட்டல் ஹாலைடு பல்பு போட்டா பவளம் வளரும். ஆனா இத்தனை நாள் இருட்டுல கெடந்ததுக்கு ஒரேயடியா வெளிச்சம் காட்டுனா வெந்துரும். தெனம் அரை மணி, ஒரு மணின்னு ஏத்தணும். அது விரிஞ்சு நீங்க பாக்க ஒரு மாசம் ஆகும். நீல டியூப் செட்டுன்னா போட்ட நிமிசமே பச்சையும் ஆரஞ்சுமா மின்னும். கண்ணுக்கு அழகு. ஆனா உங்க தொட்டியில இருக்கிற பவளம் அதை மட்டும் வச்சு ரொம்ப நாள் தாங்காது."

தொட்டிக்கு எதிரே கட்டிலில் அண்ணன் நல்லசிவம் கிடந்தார். ஈரல். முந்தின நாள்தான் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிகண்டராஜைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோ. வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றிருந்தார். அதை மதினி தங்கத்தாயிடம் அவன், "வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டாத் தேறிருவாராம்" என்று சொல்லிவைத்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்கு மொழிபெயர்ப்பு வராது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தொட்டியின் விளக்கு எரிந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் பேசிய ஒரே வார்த்தை, "லைட்டைப் போடுலே." குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற சிவகாசியில் ஹாலுக்குள் கடலை வளர்த்த மனிதர். 'பட்டாசு லேபிள் அடிக்கிறவனுக்கு எதுக்குப் பவளம்' என்று ஊர் சிரித்தபோது முன்வரிசையில் நின்று சிரித்தவன் மணிகண்டராஜ்.

மதினி கட்டிலின் கால்மாட்டில் கஞ்சி டம்ளரோடு, போனில் கசிந்த பேச்சைக் கேட்டபடி நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டையும் அனுப்பிருங்க" என்றான். கல்யாண வீட்டில் காப்பியா டீயா என்றாலும் அவன் பதில் அதுதான்.

"அனுப்பலாம். தொட்டி மூடியில ஒண்ணுக்குத்தான் எடம். இன்னிக்கு எதை மாட்டுவீங்க? சீக்கிரம் சொல்லுங்க, பஸ் கெளம்பப் போகுது."

'பார்க்க' என்று சொன்னால் மதினிக்கு விளங்கிவிடும். அவள் கையிலிருந்த டம்ளரில் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. மணிகண்டராஜ் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

"வளக்குறதுக்கே அனுப்புங்க."

ஸ்டூலிலிருந்து இறங்கியதும், "ஒரு மாசத்துல பாருங்க மதினி. அண்ணன் எந்திரிச்சு நம்ம ரெண்டு பேரையும் வையும், லைட்டைக் கோணலா மாட்டிட்டீகன்னு" என்றான்.

"ஒரு மாசமா" என்றாள் மதினி. டம்ளரைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவன் பலகாரப் பெட்டி அளவுக்கு ஒரு பார்சலை எதிர்பார்த்து நின்றான். கண்டக்டர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு உருவிக்கொண்டே இருந்தார். இடுப்பளவு வெளியே வந்தபோதே மணிகண்டராஜ் போனை எடுத்துவிட்டான்.

"மாத்தி அனுப்பிட்டீங்களே தம்பி!"

"மாத்தல அண்ணாச்சி. நீங்க வச்ச கையோட அக்கா கூப்பிட்டாங்க. பாக்குறதுக்கே அனுப்புங்கன்னு சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாக?"

"கொழுந்தன்கிட்டச் சொல்லாதீக, அவுக தாங்க மாட்டாகன்னு சொன்னாங்க."

அத்தனை நீளப் பார்சலைத் தோளில் வைத்துக்கொண்டு பைக் ஓட்ட முடியாது. ஆட்டோ பிடித்தான். பாதி பார்சல் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மீதிப் பாதியைக் கட்டிக்கொண்டு அவன் அழுததை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஒடைஞ்சிராதுண்ணே, மெதுவாத்தான் போறேன்" என்றார்.

வீட்டில் மதினி பார்சலின் நீளத்தைப் பார்த்தாள். அவன் ஏற, அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பழைய சட்டத்தைக் கழற்றிப் புதியதை இறக்கினான். பிளக்கைச் சொருகினான். சுவிட்ச் மட்டும் பாக்கி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணனுக்கு வெளிச்சம் தெரியும். அச்சடித்த லேபிளின் நிறத்தை டியூப்லைட்டில் பார்த்து ஒரு நாளும் சரி என்றவரில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடுவார். எந்த லைட் எதற்கு என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தவர். நீலம் எரிந்த கணமே தனக்கு ஒரு மாசம் இல்லை என்று படித்துவிடுவார்.

"போடுங்க தம்பி."

"நீங்க போடுங்க மதினி. உங்க கை ராசியான கை."

"உங்க அண்ணன் உங்ககிட்டதான போடச் சொன்னாக."

கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். எரியவில்லை. கரண்ட் போயிருந்தது. கரண்ட் போனதற்கு அவன் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இன்வெர்ட்டரில் தொட்டியின் மோட்டாரும் ஃபேனும் மட்டும் ஓடின. அண்ணனின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது. இப்போது வரட்டும் என்று ஒரு மனசு, வராமலே போகட்டும் என்று ஒரு மனசு. சுவிட்சை அணைத்து வைக்கலாமே என்று இருவருக்கும் தோன்றியிருக்கும். இருவரும் எழவில்லை.

பட்டென்று ஹால் டியூப்லைட் எரிந்தது. கூடவே தொட்டியும். கறுத்துச் சுருண்டு கிடந்த பவளங்களின் ஓரமெல்லாம் பச்சையாக, ஆரஞ்சாகப் பற்றிக்கொண்டது.

நல்லசிவம் கண்ணைத் திறந்தார். தொட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பார்வை மேலே ஏறி மூடியில் நின்றது.

"நீலமா" என்றார்.

மணிகண்டராஜ் எழுந்து ஸ்டூலை ஓரமாக இழுத்துப் போட்டான்.

"யாருலே இதை வாங்கச் சொன்னது?"

"நான்தான்" என்றான் மணிகண்டராஜ்.

"நான்தான்" என்றாள் தங்கத்தாய், அதே நேரத்தில்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

"கூறுகெட்டவகளா... அந்த டியூப்லைட்டை அமத்துங்க. ஜன்னலையும் சாத்துங்க. அப்பத்தான நல்லாத் தெரியும்."

அமர்த்தினார்கள். சாத்தினார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவே மூச்சு வராமல் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கத் தொடங்கியது எந்த நிமிடத்தில் என்று அவனால் பிறகு சொல்ல முடியவில்லை.

பக்கத்து வீட்டு இருளம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்னத்தா, பட்டப்பகல்ல இப்படி இருட்டடிச்சுப் போட்டிருக்கீக? அவுக எப்படி இருக்காக?" என்று சுவரில் சுவிட்சைத் தடவினாள்.

"செத்த இருங்கக்கா" என்றாள் தங்கத்தாய்.

நீல வெளிச்சத்தில் நல்லசிவத்தின் வெள்ளை வேட்டி மட்டும் பளீரென்று தெரிந்தது. முழங்கால் பக்கம் அது சுருங்கியிருந்தது. தங்கத்தாய் அதை உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டாள். பிறகு அடுத்த சுருக்கத்தை.