அடுத்த வண்டிக்குச் செல்லும்

1951 மார்ச் 14, புதன்கிழமை. கலும்பாங்குக்கு வடக்கே இரண்டு இடங்களில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருந்ததால், கோலா குபு ஸ்டேஷனுக்குக் காலை பத்தே காலுக்கு வரவேண்டிய வடக்கு வண்டி ரத்து செய்யப்பட்டது.

அந்த வண்டிக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தவர்களில் நாகமணி ஒருத்தி. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். வயது இருபத்தாறு. அவள் புருஷன் அர்ஜுனன் தோட்டத்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தவன். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலச் சட்டத்தில் பிடித்துப் பதினாறு மாதம் முகாமில் வைத்திருந்துவிட்டு, இப்போது அவனை இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை பினாங்கில் கப்பல். மனைவியும் கூடப் போகலாம் என்று அனுமதிக் கடிதம் வந்திருந்தது. வெள்ளி காலை பத்து மணிக்குள் துறைமுகத்தில் அந்தக் கடிதத்தோடு அவள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவன் தனியாகப் போவான். அவன் திரும்பி வர முடியாது.

அனுமதிக்கு மனு எழுதியவர் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சிவானந்தம். அர்ஜுனனைக் கொண்டுபோன நாளிலிருந்து தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பலர் நாகமணியோடு குழாயடியில்கூடப் பேசவில்லை. அந்த நேரத்தில் மூன்று மனு எழுதி, மூன்றிலும் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவர் அவர். முந்தின வாரம் டவுனுக்குப் போனபோது டிக்கெட்டும் அவரே எடுத்து வந்தார். தோட்டத்து வேலியைத் தாண்டுவதற்கான வெளியேறும் சீட்டையும் அவர்தான் போலீஸ் அதிகாரியிடம் வாங்கினார். ஒரு முறை வெளியே போக மட்டும்தான் அந்தச் சீட்டு. திரும்பி கேட்டுக்குள் வந்துவிட்டால் அது முடிந்தது.

கோலா குபுவுக்கு அரிசி ஏற்றப் போகும் தோட்டத்து லோரியில் நாகமணியும் துணைக்குச் சிவானந்தமும் விடிந்ததும் கிளம்பினார்கள். ஓட்டியவர் இருசப்பன். நாகமணியின் தகரப்பெட்டியைத் தூக்கி வைக்கும்போது அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன தங்கச்சி, பெட்டியில கருவாடா?"

"கொஞ்சம்தாண்ணே. அதுக்குப் பிடிக்கும்."

"பதினாறு மாசமா முகாம் சோறு தின்னவன். கருவாட்டப் பாத்தா உன்னைய எங்க பாக்கப் போறான்."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகிவிட்டது என்று சிவானந்தத்துக்குத் தோன்றியது.

அவர்களை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு இருசப்பன் அரிசிக் கிடங்குக்குப் போனார். உள்ளே போனதும் வண்டி வராது என்று தெரிந்தது. கவுண்டர் முன்னால் வரிசை நின்றது. சிவானந்தம் வரிசையில் நின்றார். நாகமணி நாலடி பின்னால், பெட்டியின் பக்கத்தில். தோட்டத்து ஆள் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் பேசுவது கிராணிதான். தபாலாபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். கேட்டால் ஆள் முன்னால் வந்து ரேகை வைக்கப் பெருவிரலை நீட்டுவான். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. யாரும் மீறியதுமில்லை.

கவுண்டரில் இருந்தவர் ராஃபேல், கிள்ளான் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்துவர். சிவானந்தம் இங்கிலீஷில் கேட்டார். ராஃபேல் இங்கிலீஷில் பதில் சொன்னார். படித்த தமிழர் இருவர் கவுண்டரில் சந்தித்தால் அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

ராஃபேல் சொன்னது இதுதான்: வண்டி ரத்தே தவிர டிக்கெட் ரத்தில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அடுத்து வடக்கே போகும் எந்த வண்டிக்கும் அதே டிக்கெட் செல்லும். வேண்டாமென்றால் ஒப்படைத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். எது என்பது பயணியின் விருப்பம்.

"அடுத்த வண்டி எப்போது?" என்று கேட்டார் சிவானந்தம்.

"உறுதியாகச் சொல்ல முடியாது. உடைந்த இடம் வரை ஒரு வண்டி விட்டு, அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுபோவார்கள் என்று பேச்சு. இன்றைக்கே இருக்கலாம். நாளைக்கும் ஆகலாம்." ராஃபேல் அவர் தோளுக்கு மேலாக நாகமணியைப் பார்த்தார். "அந்த அம்மா காத்திருக்கலாமே. பெண்களுக்குத் தனி அறை இருக்கிறது."

சிவானந்தம் திரும்பிப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டார். அரிசி லோரிகள் பதினோரு மணிக்குக் காவல் வண்டிகளோடு சேர்ந்து கிளம்ப வேண்டும். அதை விட்டால் அவர் வீடு போக முடியாது. கைதியின் மனைவியைத் தெரியாத ஊரில் தனியாக விட்டுப் போவதா? ஊரடங்கு வரைக்கும் வண்டி வராமல், யாராவது பிடித்து விசாரித்தால்? மனுவில் இருப்பது அவர் கையெழுத்து. நாளைக்குப் புதுச் சீட்டு, புது டிக்கெட். காலை வண்டி பிடித்தாலும் வியாழன் ராத்திரிக்குள் பினாங்கு போய்விடலாம்.

"ஒப்படைத்துவிடுகிறேன்" என்றார் ராஃபேலிடம். பிறகு தமிழில், "நாகமணி, டிக்கெட்டக் கொடு."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னிக்கு வண்டி கிடையாது. நாளைக்குப் போயிரலாம்."

"சரிங்கய்யா."

இருசப்பனின் லோரி மூவரையும் ஏற்றிக்கொண்டு பத்தாங் காலியைத் தாண்டியது. முன்னால் ஒரு காவல் வண்டி, பின்னால் ஒன்று, நடுவே ஐந்து லோரிகள். வழியில் நிற்கக் கூடாது, ஆளை இறக்கக் கூடாது என்பது உத்தரவு.

"ஐயா, அந்தக் கவுண்டர்காரரு என்னையப் பாத்து என்னமோ சொன்னாரே. என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் நாகமணி.

சிவானந்தம் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அதுவரை அவர் நினைக்கவும் இல்லை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அதே டிக்கெட்டு செல்லுமா?"

"செல்லும்னுதான் சொன்னார்."

"நான் இருந்திருப்பேனேய்யா. ரெண்டு நாளானாலும் அங்கயே உக்காந்திருப்பேன். பெட்டியில அவல் இருக்கு."

"உன்னை எப்படித் தனியா விட்டுட்டு வர்றது?"

"பதினாறு மாசமா தனியாத்தானய்யா இருக்கேன்."

இருசப்பன் பின்னால் வந்த காவல் வண்டியைக் கண்ணாடியில் பார்த்தார். "திருப்ப முடியாது லா" என்றார், யாரும் கேட்காமலே.

தோட்டத்துக் கேட்டில் பெட்டியைத் திறந்து சோதித்தார்கள். வெளியேறும் சீட்டை வாங்கி, குறுக்கே கோடு போட்டு, ஆணியில் குத்தினார்கள்.

சிவானந்தம் அன்று மாலையே புதுச் சீட்டுக்கு எழுதினார். அதில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி தஞ்சோங் காராங் பக்கம் போயிருந்தார். வியாழன் முழுவதும் சிவானந்தம் போலீஸ் கொட்டகை முன்னால் மரத்தடியில் நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. நாகமணி பெட்டியோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார். சீட்டைப் படித்தார், எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் நாகமணியிடம் கொடுக்க சிவானந்தத்துக்குக் கால் வரவில்லை. இருசப்பனிடம் கொடுத்தனுப்பினார்.

ஏப்ரலில் வேறு வேலையாகக் கோலா குபு போனபோது அவர் ஸ்டேஷனுக்குள் போனார். ராஃபேலுக்கு அவரை ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை இருவரும் தமிழில் பேசினார்கள்.

"அன்னிக்கு ஒன்றரை மணிக்கே வண்டி விட்டாங்க" என்றார் ராஃபேல். "கையெழுத்து வாங்கினவங்க நாப்பத்தொரு பேர். தஞ்சோங் மாலிம் வரைக்கும் பஸ்ஸு, ராத்திரி ஈப்போவுல தங்கல். வியாழக்கிழமை மத்தியானம் பினாங்குக்கு எதிர்க்கரை பிறைக்குப் போய்ச் சேந்துட்டாங்க. அந்தம்மா போய்ச் சேந்தாங்களா?"

"இல்ல."

ராஃபேல் கையில் இருந்த பேனாவை மூடினார். "நான் அவங்ககிட்டயே கேட்டிருக்கணும்" என்றார். "ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லியிருந்தா போதும்."

 அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதைச் சிவானந்தம் பத்தாங் காலி ரோட்டிலேயே அவள் வாயால் கேட்டுவிட்டிருந்தார். கவுண்டரில் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூன்று மனுக்களில் அவளுக்காக எழுதிய கை, அந்த ஒரு நாள் அவளுடைய டிக்கெட்டையும் தன்னுடையதாகவே நினைத்து நீட்டிவிட்டது.

அர்ஜுனனின் முதல் கடிதம் ஜூன் மாதம் திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. லயத்துக்கு வரும் கடிதங்களைக் கிராணிதான் படித்துச் சொல்வார். நாகமணி அதை இருசப்பனின் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

கணவனிடம் போக அனுமதி கேட்டு சிவானந்தம் அவளுக்காக மேலும் இரண்டு மனு எழுதினார். அவள் பெருவிரல் வைத்தாள். இரண்டுக்கும் பதில் வரவில்லை. 1957இல் சிவானந்தம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அப்போது நாகமணி அதே தோட்டத்தில், ஏழாம் நம்பர் வெட்டுப் பகுதியில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.